சைக்கிளுக்கும் ஒரு சுமைதாங்கி

ஒரு சைக்கிள் வாங்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதையெல்லாம் பார்க்கிறோம்? டயர் தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, மணி அடிக்கிறதா, பெயிண்டு பளபளக்கிறதா என்று பார்ப்போம். சாமான் கட்டுகிறவர்கள் கேரியரை ஒரு முறை அழுத்திப் பார்ப்பார்கள். ஆனால், அந்தச் சைக்கிள் எந்தக் காலில் நிற்கிறது என்று குனிந்து பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

சைக்கிள் ஓடுவதற்குத்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஓடும்போது அதைத் தாங்க ஓர் ஆள் இருக்கிறார். மூட்டையை ஏற்றும்போதும், கயிற்றை இழுத்துக் கட்டும்போதும், வீட்டு வாசலில் இறக்கும்போதும்தான் அது தன் காலில் நிற்க வேண்டியிருக்கிறது. சுமைச் சைக்கிள் பெரும்பாலும் குப்புற விழுவதும் அந்த நேரத்தில்தான்.

இன்று தோட்டங்களில் மோட்டார் சைக்கிள் பெருகிவிட்டது உண்மை. ஆனாலும் புல்லுக்கட்டும், கீரைக்கூடையும், கட்டிப்பால் சாக்கும், செம்பனை உதிரிப்பழ மூட்டையும் சைக்கிளில் வருவதை நான் இன்னும் பார்க்கிறேன். அப்படிப்பட்ட குடும்பங்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான்காம் ஆண்டு வகுப்பில் என்னிடம் ஒரு பையன் படித்தான். கெட்டிக்காரன். ஆனால், தினமும் தாமதமாகத்தான் வருவான். 7.30க்கு மணி அடித்துவிடும். அவன் வந்து நிற்கும்போது முதல் பாடமான கணக்கு பாதி முடிந்திருக்கும். ஒருநாள் தனியே அழைத்து, "ஏன் தம்பி, காலையில் எழுந்திருக்க முடியவில்லையா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க சார். அஞ்சு மணிக்கே எழுந்திருச்சிடுவேன். அம்மா பசாருக்குப் போற வரைக்கும் சைக்கிளைப் பிடிச்சிக்கிட்டு நிக்கணும்" என்றான்.

மறுநாள் விடியற்காலையில் அவர்கள் லயத்துப் பக்கம் போனேன். அவன் தாயார் கீரையும் வெண்டைக்காயும் பயிரிட்டுப் பக்கத்துப் பட்டணத்துப் பசாரில் விற்கிறவர். கேரியரின் இரு பக்கமும் இரண்டு பெரிய கூடைகள். சைக்கிளுக்கோ ஒற்றைக்கால் ஸ்டாண்டு. இடப்பக்கக் கூடையை நிரப்பினால் அந்தக் கால் வளைந்தது. வலப்பக்கத்தை நிரப்பினால் சைக்கிள் மறுபக்கம் சாய்ந்தது. பிள்ளை இரண்டு கைகளாலும் பிடியை இறுக்கிக்கொண்டு நின்றான்.

"என்ன சார் செய்யிறது? இவன் கையை எடுத்தா எல்லாம் மண்ணுல கொட்டிடும்" என்றார் அந்த அம்மா.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று விற்கிற கீரைதான் அந்த வீட்டின் அரிசி. ஆனால், எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. ஓர் இரும்புக் கம்பி செய்ய வேண்டிய வேலையை என் மாணவன் செய்துகொண்டிருந்தான்.

ஒற்றைக்கால் ஸ்டாண்டு கெட்ட பொருள் அல்ல. அது வெறும் சைக்கிளுக்காகச் செய்யப்பட்டது. அதில் நிற்கும் சைக்கிள் இடப்பக்கம் சற்றுச் சாய்ந்தே நிற்கும். இரண்டு டயர்கள், ஒரு கால் என மூன்று இடங்களில் தரையைத் தொடுகிறது. ஆனால், அந்தக் கால் இருப்பது இடப்பக்கம் மட்டுமே. வலப்பக்கத்தில் டயரைத் தாண்டி ஊன்றுகோல் எதுவும் இல்லை. சுமை வலப்பக்கம் மிகுந்தால் தடுப்பார் இல்லாமல் சாய்கிறது. இடப்பக்கம் மிகுந்தால், எல்லாக் கனமும் அந்த ஒரு கம்பியின் மேல் இறங்கி அதை வளைக்கிறது, அல்லது மண்ணுக்குள் புதைக்கிறது.

சுமை எவ்வளவு என்பதையும் எண்ணிப் பாருங்கள். 18 லிட்டர் பிடிக்கும் மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் நிறைத்தால் 18 கிலோ. இரண்டு டின் 36 கிலோ. மரத்துப் பாலும் ஏறக்குறைய இதே கனம்தான். வீட்டுக்கு வாங்கும் எரிவாயுத் தோம்பில் வாயு மட்டும் 14 கிலோ. இரும்பையும் சேர்த்தால் ஏறக்குறைய இரு மடங்கு. இதை ஒரு விரல் பருமனுள்ள கம்பியை நம்பிச் சாய்த்து வைப்பது சரியா?

சுமைச் சைக்கிளுக்கு ஏற்றது, பின் சக்கர அச்சில் மாட்டும் இரட்டைக்கால் ஸ்டாண்டு. அதை மிதித்துக்கொண்டு சைக்கிளைப் பின்னால் இழுத்தால், பின் சக்கரம் தரையை விட்டு எழும்பும். இரண்டு கால்களும் முன் சக்கரமும் சேர்ந்து முக்காலிபோல் அமைந்துவிடும். சைக்கிள் நிமிர்ந்து நிற்பதால், கனம் நேராகக் கீழே இறங்கும். பெடலுக்கு அருகில் நடுவில் மாட்டும் இரட்டைக்காலும் உண்டு. ஆனால், கேரியரில் கனம் ஏறினால் அதில் முன் சக்கரம் மேலே தூக்கிக்கொள்ளும். நம் சுமை பின்னால் இருப்பதால், தாங்கும் காலும் பின்னால் இருப்பதே நல்லது.

கடையில் வாங்கும்போது இவற்றைப் பாருங்கள். கம்பி தடித்து, கையால் முறுக்கினால் அசையாமல் இருக்க வேண்டும். இரு கால்களும் நன்றாக அகன்று நிற்க வேண்டும். ஆனால், மடக்கும்போது கூடையில் இடிக்கக் கூடாது. 26 அங்குலச் சக்கரத்துக்கும் 28 அங்குலச் சக்கரத்துக்கும் ஒரே ஸ்டாண்டு பொருந்தாது. உங்கள் சக்கரத்தின் அளவைச் சொல்லிக் கேளுங்கள். நிறுத்தினால் பின் சக்கரம் ஓரிரு விரற்கடை உயர்ந்தால் போதும். அதற்கு மேல் உயர்ந்தால் ஒவ்வொரு முறையும் உங்கள் இடுப்புதான் நோகும். ஸ்பிரிங் இறுக்கமாக இருக்க வேண்டும். தளர்ந்தால் ஓடும்போது ஸ்டாண்டு தொங்கித் தரையில் இழுபடும். எல்லாவற்றையும்விட முக்கியம், அச்சின் நட்டு மரையில் முழுவதும் ஏறியிருக்கிறதா என்பது. ஸ்டாண்டின் தகடு இடத்தை அடைத்துக்கொள்வதால், அச்சு குட்டையாக இருந்தால் நட்டு அரைகுறையாகத்தான் ஏறும். அப்படியானால் நீளமான அச்சு போடச் சொல்லுங்கள்.

நல்ல ஸ்டாண்டு இருந்தாலும் நிறுத்தும் முறையும் தெரிய வேண்டும். முதலில் ஸ்டாண்டைப் போட்டு, பிறகு சுமையை ஏற்றுங்கள். கனமானது கீழேயும் இலேசானது மேலேயும் இருக்கட்டும். இரு பக்கமும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள். மழை பெய்த மண்ணில் கால்களுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு வையுங்கள். முன் சக்கரம் திரும்பிக்கொள்ளாமல், பழைய டியூப் துண்டால் அதைச் சட்டத்தோடு கட்டிவிடுங்கள். சரிவான இடத்தில் இறக்கத்தைப் பார்த்து நிறுத்தினால் சைக்கிள் முன்னே உருண்டு ஸ்டாண்டு மடங்கிவிடும். ஏற்றத்தைப் பார்த்தே நிறுத்துங்கள். நிற்கும் சைக்கிளில் சிறு பிள்ளைகளை ஏறி விளையாட விடாதீர்கள்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் வழியோரமாகச் சுமைதாங்கிக் கல் இருக்கும். பிள்ளைப்பேற்றுக்கு முன் இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நட்டு வைத்தார்கள். தலைச்சுமையோடு வருகிறவர், இன்னொருவர் கைகொடுக்கக் காத்திராமல், தாமே அதில் இறக்கி இளைப்பாறலாம். தனியே சுமப்பவருக்கும் துணை வேண்டும் என்று எண்ணியவர்கள் நம் முன்னோர்.

அந்த அம்மாவுக்கும் அவருடைய சுமைதாங்கி கிடைத்தது. பட்டணத்துச் சைக்கிள் கடையில் இரட்டைக்கால் ஸ்டாண்டு மாட்டினார். ஒருநாள் பசார் வருமானத்தைவிடக் குறைந்த செலவுதான். அடுத்த வாரத்திலிருந்து பையன் மணி அடிப்பதற்கு முன்பே வகுப்பில் உட்கார்ந்திருந்தான். வகுத்தல் கணக்கில் அவன் விட்டுப்போனவற்றைச் சேர்த்துக் கற்றுக்கொடுக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

ஆகவே, இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுச் சைக்கிளின் ஸ்டாண்டை ஒருமுறை குனிந்து பாருங்கள். அது தாங்காத சுமையை உங்கள் வீட்டில் யார் தாங்குகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.