பைக்குள் சப்பாத்து

அன்புள்ள சுந்தரம்,

இலங்கையில் இந்த டிக்கோயாவுக்கு வந்து நாலு நாள் ஆயிற்று. தேயிலையைப் பற்றி எழுதுவேன் என்று காத்திருப்பாய். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் கண்ணில் முதலில் படுவது பள்ளிக்கூடம்தான், என்ன செய்ய.

காலை ஆறரைக்கெல்லாம் மலைமேல் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களிலிருந்து பிள்ளைகள் இறங்குகிறார்கள். வெள்ளைச் சீருடை, கழுத்தில் டை, காலில் ரப்பர் செருப்பு. சப்பாத்து பைக்குள். (ஷூவுக்கு இங்கே அதுதான் பேர்.) மழை பெய்த தேயிலைப் பாதையில் சேறும் அட்டையுமாக இருக்கிறது. தார் ரோட்டுக்கு வந்ததும் மதகுக் கட்டையில் உட்கார்ந்து, காலைத் துடைத்து, சப்பாத்தை மாட்டிக்கொண்டு, செருப்பைப் புதருக்குள் ஒளித்துவிட்டு ஓடுகிறார்கள். ஏழரைக்கு மணி அடித்துவிடும்.

டைதான் வெள்ளைக்காரன் விட்டுப்போன சொத்து என்று நினைத்தேன். அதைவிடப் பெரியது பரீட்சை. க.பொ.த. சாதாரண தரம், எல்லோர் வாயிலும் ஓ.எல். இங்கிலாந்தில் 1951-இல் தொடங்கியது. அவர்களே அதைக் கைவிட்டு 1988-இல் ஜி.சி.எஸ்.இ.க்கு மாறிவிட்டார்கள். இலங்கையும் 1970களில் வேறொன்றைக் கொண்டுவந்து பார்த்துவிட்டு, சில வருஷத்திலேயே பழையதற்குத் திரும்பிவிட்டது. நம்மூரில் ஐந்நூறுக்கு எத்தனை என்போம். இங்கே 'எத்தனை ஏ?' மொத்தம் ஒன்பது பாடம். ஒன்பதிலும் ஏ வாங்கிய பிள்ளையின் படம் பேனரில் தொங்கும். அதற்குக் கீழே பீ, சீ, எஸ். தவறினால் டபிள்யூ.

பேனரில் ஏறாத பிள்ளைகள்தான் அதிகம். அடுத்த படியான உயர்தரம், அதாவது ஏ.எல்., படிக்கப் பொதுவான விதி, ஆறு பாடம் தேற வேண்டும், அதில் மூன்றிலாவது சீ-க்குக் குறையக்கூடாது. தாய்மொழியும் கணிதமும் அந்த ஆறுக்குள் வர வேண்டும். அப்படித் தேறினாலும் எங்கே படிப்பது? பள்ளிக்கூடங்களுக்கும் தரம் உண்டு. ஏ.எல். விஞ்ஞானம் இருந்தால் 'வன் ஏ.பி.', கலை, வர்த்தகம் மட்டும் என்றால் 'வன் சி', ஓ.எல்.லோடு நின்றால் 'டைப் டூ'. தோட்டத்துக்குள் இருப்பவை பெரும்பாலும் கீழ்ப்படிதான். டாக்டர் ஆசை உள்ள பிள்ளை ஹட்டன் டவுனுக்கு, 1892-இல் தொடங்கிய ஹைலன்ட்ஸ் கல்லூரி மாதிரி ஓரிடத்துக்கு, பஸ் ஏற வேண்டும்.

கல்வி மந்திரி கன்னங்கராவின் இலவசக் கல்வி 1940களில் வந்தபோது தோட்டப் பள்ளிகள் அதற்கு வெளியே நின்றன. தோட்ட நிர்வாகத்தின் கையில், ஒரே வாத்தியார், கொஞ்சம் எழுத்து, கொஞ்சம் கணக்கு. 1970களில்தான் அரசாங்கம் அவற்றை எடுத்துக்கொள்ள ஆரம்பித்தது. நாம் ஹைஸ்கூல் படித்துக்கொண்டிருந்த காலம், சுந்தரம்! பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது, இந்த நுவரெலியா மாவட்டமும் அதில் உண்டு. மாவட்டத்துக்குக் கொடுத்தது லயம் வரை ஏறி வருவது அபூர்வம் என்கிறார் நான் தங்கியிருக்கும் வீட்டு மாஸ்டர்.

நேற்று ராத்திரி நல்ல மழை. மேல் லயத்துப் பெண் ஒருத்தி, இந்த வருஷம் ஓ.எல்., கடந்தகால வினாத்தாள் புத்தகத்தோடு வந்தாள். "சேர், ஒழுக்கு வெளங்கல" என்றாள். நான் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நம் நியமப்பாதைதான் இங்கே ஒழுக்கு! அடுத்து, தாயம் என்றாள். சோழி உருட்டுவதா என்றேன். புத்தகத்தைத் திருப்பிக் காட்டினாள்: நம் அணிகள். முக்கோணவியல் இங்கே திரிகோண கணிதம், வேதியியல் இரசாயனவியல். முதல் அரைமணி நேரம் அவள்தான் எனக்கு வாத்தியார். பிறகு பத்து மணி வரைக்கும் கணக்குப் போட்டோம். கை வேகமானது, கூட்டலில்தான் அவசரப்படுகிறாள்.

கூட்டிப்போக அவள் அம்மா டார்ச்சோடு வந்தாள். பகலெல்லாம் கொழுந்து எடுத்த விரல்கள், நகக்கண்ணில் கறுப்பு. வாசலுக்குள் வராமல் நின்றபடியே கேட்டாள்: "ஐயா, இவளுக்குக் கணக்குல ஒரு சீ வருங்களா?"

எத்தனை ஆயிரம் விடைத்தாள் திருத்தியிருப்போம், நீயும் நானும். ஒரு தாளையும் இப்படி முன்கூட்டிச் சொன்னதில்லை. "வரும்மா" என்று சொல்லிவிட்டேன். சொன்னதற்காக நாளையிலிருந்து தினமும் சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறேன். ஆகவே வெள்ளிக்கிழமை ரயிலில் நான் இல்லை. வீட்டில் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

உன்,
ராமசாமி