நோய்க்கு மதிப்பெண்

மதிப்பெண் போடுவது ஆசிரியர்களாகிய எங்களுக்கு அன்றாடப் பணி. ஒரு மாணவனுக்கு முப்பத்தைந்தா நாற்பதா என்று எழுதும்போது, அவனை ஆண்டு முழுவதும் கவனித்த அறிவு எங்கள் கைக்குத் துணை நிற்கிறது. தேர்வன்று காய்ச்சலோடு வந்தவன் எவன் என்பதை நாங்கள் அறிவோம். மறுநாள் அவனுடைய தந்தை வந்து கேட்டால் விடை சொல்ல வேண்டியவர்களும் நாங்களே. அதனால்தான் பிரிட்டனில் நோயாளிகளுக்குப் புள்ளிகள் போட்டு உதவித்தொகையைத் தீர்மானிக்கும் முறையைப் பற்றிப் படித்தபோது என்னால் எளிதில் கடந்து செல்ல இயலவில்லை.

அந்நாட்டில் 2008 அக்டோபரில், நோயுற்றோருக்கான புதிய உதவித்தொகையுடன் 'வேலைத்திறன் மதிப்பீடு' நடைமுறைக்கு வந்தது. அதை நடத்தும் பணியை அரசு அட்டோஸ் என்னும் தனியார் நிறுவனத்திடம் ஒப்பந்தத்திற்கு விட்டது. மேற்சட்டையின் மேல்பையில் ஏதேனும் வைப்பதுபோல் இரு கைகளில் ஒன்றையேனும் உயர்த்த இயலாதவருக்கு 15 புள்ளிகள். 15 புள்ளிகள் பெற்றவர் வேலைத்திறன் குறைந்தவராகக் கருதப்படுவார். 2013 ஏப்ரலில் மாற்றுத்திறனாளிகளின் அன்றாடச் செலவுகளுக்கான மற்றோர் உதவித்தொகை வந்தது. இதில் 8 புள்ளிகளுக்கு ஒரு தொகை, 12 புள்ளிகளுக்குக் கூடுதல் தொகை. இம்மதிப்பீடுகள் அட்டோஸ், காப்பிட்டா ஆகிய இரு நிறுவனங்களிடம் தரப்பட்டன.

சட்டத்தின் வாசகத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஒரு செயலைப் பாதுகாப்பாகவும், ஒழுங்காகவும், திரும்பத் திரும்பவும், உரிய நேரத்திற்குள்ளும் செய்ய முடிந்தால்தான் 'முடியும்' என்று கொள்ள வேண்டும் என்கிறது இரண்டாவது உதவித்தொகைக்கான விதி. ஆனால் அதை எடைபோடுபவர் நோயாளியைச் சந்திப்பது பெரும்பாலும் ஒரே ஒரு முறை. அவர் செவிலியராகவோ இயன்முறை மருத்துவராகவோ இருக்கலாம். அந்தக் குறிப்பிட்ட நோயில் தேர்ந்தவராக இருக்க வேண்டுமென்பதில்லை. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற நரம்பு நோயுற்ற ஒருவர், இன்று நாற்பதடி நடந்துவிட்டு அடுத்த மூன்று நாட்கள் படுக்கையில் கிடக்கக்கூடும். நாற்பதடி நடந்தது பார்ப்பவர் கண்ணில் படும். படுக்கையில் கிடந்த மூன்று நாட்களை நோயாளியின் சொல்லை நம்பித்தான் எழுத வேண்டும்.

பொதுப்பணத்தைக் கேட்போருக்கெல்லாம் விசாரணையின்றி அள்ளிக் கொடுத்துவிட முடியாது என்பது உண்மையே. தகுதியுடையோர் பங்கைத் தகுதியற்றோர் எடுத்துக்கொள்வதும் அநீதிதான். ஆகவே சோதனை வேண்டும். சோதனை தவறினால் பொறுப்பு யாருடையது என்பதே என் கேள்வி. நிறுவனம் அறிக்கை மட்டும் எழுதுகிறது. முடிவெடுப்பது நாங்களல்லர் என்கிறது. முடிவெடுக்கும் அரசு அலுவலரோ நோயாளியைக் கண்ணால் கண்டதில்லை. அறிக்கையைச் சார்ந்தே பெரும்பாலும் முடிவெடுக்கிறார். இருவருக்கும் நடுவே நோயாளி நிற்கிறார்.

மறுபரிசீலனையிலும் பயன் கிடைக்காதவர்கள் தீர்ப்பாயத்திற்குச் செல்கிறார்கள். 2018, 2019 ஆண்டுகளில் இந்த இரண்டாவது உதவித்தொகை தொடர்பாகத் தீர்ப்பாயம் விசாரித்த முறையீடுகளில் பத்தில் ஏழுக்கும் மேற்பட்டவை நோயாளிகளுக்குச் சாதகமாக முடிந்தன. மொத்த முடிவுகளில் மேல்முறையீட்டிற்குச் செல்பவை சிறு பங்கே என்று அரசு சொல்வதும் சரியே. ஆயினும், வலியோடும் களைப்போடும் மாதக்கணக்கில் வழக்காட எத்தனை நோயாளிகளுக்குத் தெம்பு இருக்கும்? முறையிடாதவர்கள் எல்லோரும் மனநிறைவு கொண்டவர்கள் என்று எவ்வாறு கொள்வது?

தனியாரிடம் கொடுத்தால் செலவு குறையும் என்ற வாதமும் நிலைக்கவில்லை. அட்டோஸ் தன் வேலைத்திறன் மதிப்பீட்டு ஒப்பந்தத்திலிருந்து முன்னதாகவே விலகப்போவதாக 2014 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. 2015இல் மாக்சிமஸ் நிறுவனம் அவ்விடத்திற்கு வந்தது. ஒரு மதிப்பீட்டிற்கான சராசரிச் செலவு 115 பவுனிலிருந்து 190 பவுனாக உயரும் என்று அந்நாட்டின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2016இல் கணக்கிட்டது.

அதே நாட்டிற்குள் வேறு வழியும் உண்டு. ஸ்காட்லாந்து 2018இல் இயற்றிய சட்டம், அங்குள்ள மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கான மதிப்பீட்டைத் தனியார் நிறுவனங்களிடம் விடுவதைத் தடுத்தது. 2022இல் அங்கு நடைமுறைக்கு வந்த முறையில், இருக்கும் மருத்துவக் குறிப்புகளையும் நோயாளியை அறிந்தவர்களின் சொல்லையும் முதலில் பார்க்கிறார்கள். தேவைப்பட்டால் மட்டுமே அரசு முகமையின் ஊழியர் நோயாளியிடம் பேசுகிறார். இனிக் குணமாகாத நிலையில் இருப்பவருக்கு இத்தனை மாத ஆயுள்தான் என்ற வரம்பையும் அவர்கள் வைக்கவில்லை. மருத்துவரின் கணிப்பே போதும். பிரிட்டனின் பிற பகுதிகளில் ஆறு மாதமாக இருந்த அந்த வரம்பு, 2022, 2023 ஆண்டுகளில்தான் பன்னிரண்டு மாதமாக நீட்டப்பட்டது.

ஸ்காட்லாந்து முறையும் குறையற்றதன்று. தொடக்க ஆண்டுகளில் விண்ணப்பங்கள் தேங்கின. மக்கள் பல மாதங்கள் காத்திருந்தார்கள். ஆனால் அந்தத் தாமதத்திற்கு யாரிடம் போய்க் கேட்பது என்பதில் அங்குள்ள நோயாளிக்கு ஐயம் இருக்கவில்லை. நோயாளியின் நிலையை எடைபோடுவது அரசிடம் உள்ள அமானிதம். அதைச் செய்ய எத்தனை பேரை வேண்டுமானாலும் அமர்த்தலாம். அதற்கு விடை சொல்லும் கடமையைக் கூலிக்கு விட முடியாது.