உலகத்தைச் சுற்ற ஒரே டிக்கெட்... பிஸினஸ் கிளாஸில் வாங்கலாமா?

ஞானப்பழத்துக்காக முருகன் மயிலேறி உலகத்தைச் சுற்றினார். பிள்ளையார் அம்மையப்பரைச் சுற்றிவிட்டுப் பழத்தை வாங்கிக்கொண்டார். இன்றைக்கு அந்தக் கதை தலைகீழ். மகன் ஒரு கண்டத்தில், மகள் இன்னொரு கண்டத்தில். அம்மையும் அப்பனும்தான் பிள்ளைகளைச் சுற்றக் கிளம்ப வேண்டியிருக்கிறது.

குரோம்பேட்டையில் அப்படி ஒரு தம்பதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் ஓய்வுபெற்று இரண்டு வருடம் ஆகிறது. அந்தம்மாவுக்கு மூட்டுவலி. மகன் டாலஸ் பக்கம் பிளேனோவில். மகள் மெல்போர்னில், முதல் பிரசவத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறாள். கையில் பி.எஃப் பணம் கொஞ்சம் இருக்கிறது.

"ஏங்க, போறதுதான் போறோம், ஒரு தடவையாவது காலை நீட்டிப் படுத்துட்டுப் போகலாமே" என்கிறார் அந்தம்மா. மகன் போனில் ஒரு யோசனை சொல்கிறான். "அப்பா, தனித்தனியா எதுக்கு? உலகத்தையே சுத்தி வர்ற மாதிரி ஒரே டிக்கெட் இருக்கு. பிஸினஸ் கிளாஸ்லயே போட்டுடலாம்."

அப்படி ஒரு டிக்கெட் உண்மையிலேயே இருக்கிறது. உலகத்தைச் சுற்றிப் பயணிகள் விமானம் விடுவதை 1947 ஜூனில் தொடங்கியது பான் ஆம் நிறுவனம். நியூயார்க்கில் கிளம்பிய அந்த விமானம் நம் கல்கத்தாவிலும் இறங்கி ஏறியது. பான் ஆம் 1991-ல் மூடப்பட்டுவிட்டது. இப்போது அந்த வேலையைச் செய்பவை விமான நிறுவனங்களின் கூட்டணிகள். ஏர் இந்தியா, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், லுஃப்தான்சா எல்லாம் இருப்பது ஸ்டார் அலையன்ஸ். பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார், குவாண்டாஸ், மலேசியா ஏர்லைன்ஸ், ஸ்ரீலங்கன் இருப்பது ஒன்வேர்ல்ட்.

விதி எளிமையானது. கிழக்கோ மேற்கோ, ஒரே திசையில் போக வேண்டும். அட்லாண்டிக்கை ஒரு தடவை, பசிபிக்கை ஒரு தடவை தாண்ட வேண்டும். கிளம்பிய நாட்டிலேயே பயணம் முடிய வேண்டும். ஒரு வருடத்துக்குள் முடித்துவிட வேண்டும். (இந்த விதியை வைத்துப் பார்த்தால் 1973-ல் வந்த 'உலகம் சுற்றும் வாலிபன்' எம்.ஜி.ஆருக்கே டிக்கெட் கிடைத்திருக்காது. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, ஹாங்காங், ஜப்பான் என்று சுற்றினாரே தவிர, இரண்டு சமுத்திரத்தில் ஒன்றைக்கூடத் தாண்டவில்லை.)

ஸ்டார் அலையன்ஸ் டிக்கெட்டுக்கு மைல் கணக்கு. 29,000, 34,000, 39,000 மைல் என்று படிப்படியாக விலை ஏறும். ஒன்வேர்ல்டின் 'எக்ஸ்ப்ளோரர்' டிக்கெட்டில் எத்தனை கண்டம் தொடுகிறோம் என்பதுதான் கணக்கு, தூரம் இல்லை. மொத்தம் 16 விமானம் வரை ஏறலாம்.

நம் தம்பதிக்கு ஒன்வேர்ல்ட் பாதை கச்சிதமாகப் பொருந்துகிறது. சென்னையிலிருந்து லண்டன், அங்கிருந்து டாலஸ். மகன் வீட்டில் இரண்டு மாதம். பிறகு சிட்னி, மெல்போர்ன். மகள் வீட்டில் இரண்டு மாதம். அப்புறம் கோலாலம்பூர் வழியாகச் சென்னை. நாலு கண்டம், 6 விமானம்.

16-க்குக் காசு கொடுத்துவிட்டு 6-ல் மட்டும் ஏறுவதா என்று இங்கேதான் மனசு அடித்துக்கொள்ளும். பஃபே சாப்பாட்டில் தட்டு நிறைய அள்ளிக்கொள்கிற மாதிரி எடின்பரோ, நயாகரா, ஹவாய் என்று பெயர்கள் சேர ஆரம்பிக்கும். முப்பது வயதில் முதுகுப்பையோடு சுற்றுகிறவருக்கு அது சரி. மூட்டுவலிக்காரருக்கு ஒவ்வொரு கூடுதல் விமானமும் ஒரு செக்யூரிட்டி வரிசை, ஒரு பெட்டி தூக்கல்.

படுக்கை எத்தனை இரவுக்கு?

பிஸினஸ் கிளாஸ் என்றதும் எல்லோருக்கும் மனதில் வருவது படுக்கைதான். ஆனால், எல்லா விமானத்திலும் அது கிடையாது. ஐரோப்பாவுக்குள் பறக்கும் சிறிய விமானங்களில் பிஸினஸ் கிளாஸ் என்பது பெரும்பாலும் எகானமியில் இருக்கிற அதே சீட். நடு சீட்டைக் காலியாக விட்டு, நல்ல சாப்பாடு கொடுப்பார்கள், அவ்வளவுதான். அமெரிக்க உள்நாட்டு விமானங்கள் பலவற்றில் அகலமான சாய்வு நாற்காலி. சிட்னியிலிருந்து மெல்போர்ன் ஒன்றரை மணி நேரம். அதற்குப் படுக்கை இருந்தால்தான் என்ன?

அதனால் விமானங்களை எண்ணுவதைவிட இரவுகளை எண்ணுவது நல்லது. இதில் திசை பெரிய வேலை செய்கிறது.

மேற்கே போனால் சூரியனோடு கூடவே ஓடுகிறோம். சென்னையில் விடியற்காலையில் ஏறினால் லண்டனில் இறங்கும்போது அங்கே இன்னும் பகல். லண்டனிலிருந்து அமெரிக்காவும் பெரும்பாலும் பகல் விமானம்தான். ஆக, முழு இரவு என்று சொல்ல ஒரே ஒரு பெரிய பயணம், டாலஸிலிருந்து சிட்னி. சுமார் 13,800 கிலோமீட்டர், ஏறக்குறைய 17 மணி நேரம். நடுவில் சர்வதேசத் தேதிக்கோடு வேறு. திங்கட்கிழமை இரவு ஏறினால் இறங்குவது புதன்கிழமை காலை. செவ்வாய்க்கிழமை என்று ஒரு நாள் வாழ்க்கையிலேயே வராது. கல்யாண நாள் அன்றைக்கு விழாமல் பார்த்துக்கொள்வது குடும்பத்துக்கு நல்லது.

கிழக்கே போனால் தேதிக்கோட்டில் அந்த நாள் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால், கோலாலம்பூர் - மெல்போர்ன், சிட்னி - டாலஸ், டாலஸ் - லண்டன், லண்டன் - சென்னை என்று இரவைப் பறித்துக்கொள்ளும் பயணங்கள் வரிசையாக வரும். கிழக்கே போகும்போது உடம்பு புது நேரத்துக்குப் பழகுவதும் பொதுவாகக் கொஞ்சம் சிரமம். படுக்கைக்குக் கொடுத்த காசு வசூலாவது இந்தத் திசையில்தான். உடம்பு சுகமாக இருப்பது எதிர்த்திசையில். டிக்கெட் விற்கிறவர் இதைச் சொல்ல மாட்டார்.

மூட்டுவலிக்கு வருவோம். விமான நிலையத்தில் வீல்சேர் உதவி எந்த வகுப்புக்கும் இலவசம். டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவைத்தால் போதும். அதற்காக பிஸினஸ் கிளாஸ் வாங்க வேண்டியதில்லை. 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் கட்டும் ஆபத்து சுமார் இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ல் சொன்னது. படுத்துக்கொண்டு போனாலும் எழுந்து நடந்தே ஆக வேண்டும். சைவச் சாப்பாட்டுக்கு 'ஏ.வி.எம்.எல்' என்று ஒரு குறியீடு உண்டு. ஸ்டூடியோவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏஷியன் வெஜிடேரியன் மீல். பிஸினஸ் கிளாஸிலும் இதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

விலை எங்கே கூடுகிறது?

ஒரே வட்டத்துக்கு, கிளம்பும் நாட்டைப் பொறுத்து விலை மாறும். அதனால் பழம் தின்று கொட்டை போட்ட பயணிகள், விலை குறைந்த நாட்டுக்குத் தனியாகப் போய் அங்கிருந்து வட்டத்தைத் தொடங்குவார்கள். கெய்ரோ, ஜோகன்னஸ்பர்க், கொழும்பு என்ற பெயர்கள் அவர்கள் பேச்சில் அடிக்கடி அடிபடும். கொழும்பு நமக்குக் கூப்பிடு தூரம். ஆனால், வட்டம் முடிவதும் அங்கேயேதான். நாலு மாதச் சாமான்களோடு கொழும்பில் இறங்கி, மறுபடி சென்னைக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும்.

டிக்கெட் விலைக்கு மேல் வரி. லண்டனில் இரண்டு நாள் தங்கிவிட்டு அமெரிக்கா கிளம்பினால் பிரிட்டன் ஒரு வரி போடும். 2025 ஏப்ரல் கணக்குப்படி எகானமியில் ஆளுக்கு 90 பவுண்ட், பிஸினஸில் 216 பவுண்ட். 24 மணி நேரத்துக்குள் விமானம் மாறிப் போய்விட்டால் அந்த வரி இல்லை. தங்கினால் பிரிட்டன் விசாவும் வேண்டும். அமெரிக்க விசா, ஆஸ்திரேலிய விசா தனி. இந்திய பாஸ்போர்ட்டோடு வட்டம் போடுகிறவருக்கு டிக்கெட்டைவிட விசா வரிசைதான் நீளம்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று இருக்கிறது. டிக்கெட்டில் போட்ட வரிசைப்படிதான் ஏற வேண்டும். நடுவில் ஒரு விமானத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிட்டால் மீதி எல்லாம் ரத்தாகிவிடும். தேதி மாற்றலாம்; அந்த வகுப்பில் அன்றைக்கு இடம் இருந்தால். பாதையை மாற்றினால் கட்டணம்.

மகளுக்குப் பிரசவ தேதிக்கு மூன்று வாரம் முன்னாலேயே வலி எடுத்துவிட்டால்? அந்தம்மா பிளேனோவில் பேரனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருப்பார். டாலஸ் - சிட்னி விமானத்தில் அன்றைக்கு இடம் இருக்குமா என்று மகன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பான். இப்படி ஒரு தேதி காத்திருக்கும் வருடத்தில் வட்ட டிக்கெட் வேண்டாம்.

இரண்டு ரிட்டர்ன் டிக்கெட்தான் இவர்களுக்குச் சரி. முதலில் மெல்போர்ன், அடுத்த வருடம் டாலஸ். ரிட்டர்ன் டிக்கெட்டில் ஒரு பயணத்தை மட்டும் பிஸினஸில் போட முடியும். மீதியை எகானமியில், நடைபாதை ஓர சீட்டாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம். பேரப்பிள்ளை நடக்க ஆரம்பித்த பிறகு, யாரும் எங்கேயும் அவசரமாகக் கூப்பிடாத ஒரு வருடம் வந்தால், வட்டத்தின் விலையையும் இரண்டு ரிட்டர்ன் விலையையும் ஒரே நாளில் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

"அப்ப காலை நீட்டிப் படுக்கிறது?" என்கிறார் அந்தம்மா.

"கோலாலம்பூர்ல இருந்து மெல்போர்ன் எட்டு மணி நேரம், ராத்திரி ஃபிளைட். அதுக்கு மட்டும் போட்டுடலாம். நீ படுத்துக்கோ."

"அப்ப நீங்க?"

அவர் இன்னும் கணக்குப் போட்டு முடிக்கவில்லை.