இடைப்புள்ளி

பினாங்குத் தீவின் முதுகெலும்பு கருங்கல்லே. கொடிமலையை அண்ணாந்து நோக்கும் பிறர்க்கு, 1923இல் ஓடத் தொடங்கிய மலை இரயில் நினைவுக்கு வரலாம். எனக்கோ என் தந்தையாரின் முடிச்சுக் கயிறுதான் நினைவுக்கு வருகிறது.

அவர் இத்தீவின் கல்மலை ஒன்றில் வெடிக்குழி அடித்தவர். எழுதப் படிக்க அறியாதவர். அடிக்கொரு முடிச்சிட்ட கயிற்றால் அளந்து, பாறைமேல் சுண்ணாம்புப் புள்ளிகள் வைப்பார். முன்வரிசைக் குழிகள் இரண்டுக்கும் நடுவே பின்வரிசைக் குழி விழவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். "உன் அம்மா மார்கழியில் போடும் இடைப்புள்ளிக் கோலந்தான் தம்பி இது" என்பார்.

வெடிமருந்தின் விசை எளிய வழியையே தேடும். குழி, பாறையின் முகப்புக்கு மிக அருகில் இருந்தால் கல் பறக்கும். மிகத் தள்ளியிருந்தாலோ விசை குழியின் வாய்வழியே வீணாகும். பாறையும் யானை யானையாகப் பெயரும். முகப்புக்கும் குழிக்கும் உள்ள தூரம் குழியின் விட்டத்தைப்போல் 25 முதல் 35 மடங்கு என்பது பொறியாளர் கைக்கொள்ளும் தொடக்கக் கணக்கு. குழியின் வாயை அடைக்கத் துளைத்தூள் ஆகாது. சொரசொரப்பான சிறுசல்லியே இறுகிப் பிடிக்கும். முன்வரிசை வெடித்துச் சில மில்லி விநாடி கழித்தே பின்வரிசை வெடிக்கவேண்டும். அப்பொழுதுதான் பின்னுள்ள பாறைக்கு நகர இடங்கிடைக்கும். லாங்கெஃபோர்ஸ், கீல்ஸ்ட்ரோம் என்னும் சுவீடன் நாட்டார் இருவர் 1963இல் இக்கலையை விரிவாக நூலாக்கினர். அப்பா அந்நூலைக் கண்டதில்லை.

1968இல் புதிதாக வந்த மேலாளர், துளைச் செலவு மிகுதி என்றார். முகப்புக்கும் பத்தடி, குழிக்குக் குழியும் பத்தடி, அதுவும் நேர்வரிசையாக என்பது கட்டளை. அப்பா இருமுறை மறுத்துச் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் முறை சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். வீட்டில் நாங்கள் ஐந்து பிள்ளைகள். குழிகள் குறைந்தது உண்மையே. ஆனால் பெயர்ந்து விழுந்தவையெல்லாம் கல்லுடைக்கும் இயந்திரத்தின் வாயில் நுழையாத பாறைகள். அவற்றின்மேல் தோட்டாவை வைத்து, களிமண் அப்பி, மீண்டும் வெடித்தார்கள். மிச்சம் பிடித்த காசு அங்கே போயிற்று! அத்தகைய மறுவெடி ஒன்றில் பறந்த கல், அப்பாவின் வலக்காலை முறித்தது. அதன்பின் அவர் பாறைமேல் ஏறவேயில்லை. நான் பள்ளியை விட்டதும் அவ்வாண்டுதான்.

அவர் மறைந்தபின் அக்கயிற்றை விரித்துப் பார்த்தேன். ஏழாம் முடிச்சிலும் எட்டாம் முடிச்சிலும் சிவப்புத் துணி கட்டியிருந்தது. முகப்புக்கு ஏழடி, குழிக்குக் குழி எட்டடி. அவர் அடித்தது மூன்று அங்குலக் குழி; அதற்கு ஏழடி என்பது சரியாக 28 மடங்கு. ஏழுக்கு எட்டு என்று வைத்து இடைப்புள்ளியாக அடித்தால், அடுத்தடுத்த மூன்று குழிகள் ஏறத்தாழச் சமபக்க முக்கோணமாகிவிடும். விசை எப்பக்கமும் ஒப்பப் பரவும். காகிதத்தில் கணக்கிட்டு இதனைக் கண்டபோது நெடுநேரம் அந்தத் துணிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சென்ற மாதம் மருமகள் துணி உலர்த்தும் கொடிக்குக் கயிறு கேட்டாள். கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்தேன்.