கிழிப்பதற்காக ஒரு பக்கம்

‘மேற்படி’ என்ற சொல் ஒரு நாளில் எத்தனை முறை என் கையில் வருகிறது என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்குள் நூறு வந்ததும் விட்டுவிட்டேன். பிழைப்பு அப்படி. ஒத்தக்கடையில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து, உயர் நீதிமன்றக் கிளைக்குப் போகிற தமிழ்க் காகிதங்களை இங்கிலீஷில் மாற்றிக் கொடுக்கிறேன். கிரயப் பத்திரம், எஃப்ஐஆர், சாட்சி வாக்குமூலம், எல்லாம் வரும். 2004 ஜூலையில் கிளை திறந்த பிறகு இந்தப் பக்கம் பெருகிய ஜெராக்ஸ், டைப்பிங் கடைகளோடு ஒட்டிக்கொண்டு வளர்ந்த தொழில் இது.

இதில் கை வலிப்பதில்லை. வலி வேறு இடத்தில். நிலத்தின் எல்லை சொல்லும் நான்கு மாலில் வடக்கைத் தெற்கென்று எழுதிவிட்டால் ஒருவருடைய கிணறு பக்கத்து வயலுக்குப் போய்விடும். ‘வெட்டினான்’ என்பதற்கும் ‘வெட்ட வந்தான்’ என்பதற்கும் நடுவில் வருஷக்கணக்கான ஜெயில் இருக்கிறது. அதனால் தலைக்குள் எப்போதும் இரண்டு பேர்: எழுதுகிறவன் ஒருவன், அவன் தோளுக்குப் பின்னால் நின்று சரிபார்க்கிறவன் ஒருவன். சாயங்காலம் எழுதுகிறவன் எழுந்து போய்விடுவான். மற்றவன் போகமாட்டான். வீட்டில் “ரசமா, மோரா?” என்று கேட்டால் அரை நிமிஷம் எனக்குப் பதில் வராது.

அவனை வெளியே உட்கார வைக்கத்தான் சாயங்காலம் ஒரு பக்கம் எழுதும் இந்தப் பழக்கம். பீட்டர் எல்போ என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1973இல் வெளியிட்ட ‘ரைட்டிங் வித்தவுட் டீச்சர்ஸ்’ என்ற புத்தகத்தில் இதை விளக்கியிருக்கிறார். பத்து நிமிஷம் போல நிறுத்தாமல் எழுத வேண்டும். அடிக்கக் கூடாது, திருத்தக் கூடாது. ஒன்றும் தோன்றவில்லையென்றால் தோன்றவில்லை என்பதையே எழுத வேண்டும். எழுதும்போதே திருத்துவதுதான் எழுத்தைக் கடினமாக்குகிறது என்பது அவர் கட்சி. அவர் சொன்னது எழுத வராதவர்களுக்காக. நாள் முழுக்க எழுதியே களைத்தவனுக்கும் அது பொருந்தும் என்று எனக்குத் தெரிய ஒரு மாதம் ஆனது.

முதல் வாரம் படுதோல்வி. ‘மேற்படி அறையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது’ என்று எழுதிவிட்டு நானே சிரித்தேன். கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்தேன். பேக்ஸ்பேஸ் பட்டன் இருக்கும்வரை சரிபார்க்கிறவனுக்கு அங்கே நாற்காலி உண்டு. பிறகு காகிதத்துக்கும் பால்பாயிண்ட் பேனாவுக்கும் வந்தேன். முக்கியமாக, பேச்சுத் தமிழுக்கு வந்தேன். அப்போதுதான் கை இளகியது. ஒரு நாள் வந்தது இப்படி:

‘டீ ஆறிப்போச்சு ஆறட்டும். நாளைக்கு அந்தப் பாகப்பிரிவினைப் பத்திரம் முப்பத்தெட்டுப் பக்கம் எழுதுன ஆளு கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி. என்ன எழுத என்ன எழுத என்ன எழுத. கீழ பரோட்டாக் கல்லுல கொத்துற சத்தம். அம்மா மாத்திர. ரெண்டு நாளா மறந்துபோச்சு அதான் உள்ள உறுத்திக்கிட்டே இருந்திருக்கு’

‘என்ன எழுத’ என்று மூன்று முறை எழுதியிருக்கிறேனே, அந்த இடத்தில்தான் பேனாவை வைத்துவிடத் தோன்றும். வைக்காமல் போனதால்தான் மாத்திரை வந்தது. சோர்வு என்று நான் பெயர் வைத்திருந்ததில் பாதி, முடிக்காமல் கிடந்த சில்லறை வேலைகள். அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 2018இல் 57 பேரைப் படுக்குமுன் ஐந்து நிமிஷம் எழுதச் சொல்லிப் பார்த்தார்கள். செய்து முடித்ததை எழுதியவர்களைவிட, இனிச் செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சீக்கிரம் தூங்கினார்கள். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் நாலு நாள், தினம் பதினைந்து நிமிஷம், மனசில் ஆறாமல் கிடந்ததை எழுதினார்கள். பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எழுதி முடித்த கையோடு அவர்கள் மனசு இன்னும் கனத்துப்போனது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. ஆகவே களைத்த சாயங்காலத்தில் நான் பழைய ரணத்தைத் தேடிப் போவதில்லை. கண்ணில் படுவதிலிருந்து தொடங்குவேன்: டீ, விசிறி, பரோட்டாக் கல். தானாக மேலே வருவது வரட்டும். ராத்திரி ராத்திரியாகத் தூக்கம் வராதவர் பேனாவை நம்பாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

கிழிக்க ஏன் கற்றுக்கொண்டேன் என்பது வேறு கதை. ஒரு பக்கம் அச்சடித்து வீணான தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அப்படி ஒரு தாள் மொழிபெயர்ப்புக் கட்டோடு சேர்ந்து ஒரு வக்கீல் மேஜைக்குப் போய்விட்டது. திருப்பி அனுப்பியவர், சாட்சிக் கூண்டில் நின்றவனைப் பார்ப்பதுபோல் பார்த்து, “இதுக்கும் பக்கத்துக்கு இவ்வளவுன்னு பில் போடுவீங்களாண்ணே?” என்றார். அவமானத்தைவிட, அடுத்த ஒரு வாரம் என்னால் எழுத முடியாமல் போனதுதான் பெரிய நஷ்டம். ஒவ்வொரு வரியிலும் அவர் வாசித்துக்கொண்டிருந்தார். யாரும் வாசிக்கப்போவதில்லை என்ற உறுதி போனால் இந்த எழுத்தில் ஓய்வும் போய்விடும். அன்றிலிருந்து முடித்ததும் நாலாகக் கிழித்துவிடுவேன்.

ஜன்னலைத் திறந்தால் யானைமலை. அதன் அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாள் குடைவரையில் கிபி 770ஐ ஒட்டிய இரண்டு கல்வெட்டுகள் உண்டு. ஒன்று கிரந்த எழுத்தில் சமஸ்கிருதம், மற்றது வட்டெழுத்தில் தமிழ். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் மந்திரி மாறன் காரி அந்தக் கோயிலைக் குடைவித்ததைச் சொல்பவை. குடமுழுக்குச் செய்யாமலே அவர் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து அதை முடித்து வைத்தார் என்ற செய்தி தமிழில்தான் இருக்கிறது. இரு மொழியில் பிழைக்கிறவனுக்கு இது போதும், அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நிற்க. கல்லில் எழுதியவன் நிற்பதற்காக எழுதினான், ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்த்திருப்பான். பகலில் நான் செய்வதும் அவன் வேலைதான். சாயங்காலப் பக்கம் அதற்கு நேர்மாறு.

ஆறே முக்காலுக்கு அலாரம் அடிக்கும். வரியை முடிக்காமலே பேனாவை மூடுவேன். கிழிப்பதற்கு முன் ஒரே ஒரு தடவை மேலோட்டமாகப் பார்த்து, செய்ய வேண்டியது எதுவும் இருந்தால் பஸ் டிக்கெட் அளவுத் துண்டில் குறித்துக்கொள்வேன். மிச்சம் குப்பைக் கூடைக்கு. மாடிப்படி இறங்கும்போது சட்டைப்பையில் அந்தத் துண்டு மட்டும் இருக்கும்: அம்மா மாத்திரை, பத்து நாளைக்கு.