ஷெட்டு விளக்கு

கார் ஷெட்டுக்கு நடுவில் ஒரே ஒரு டியூப்லைட் மாட்டுவதுதான் நம் ஊர் வழக்கம். கார் வெளியே போயிருக்கும்போது அந்த வெளிச்சமே தாராளம் என்று தோன்றும். வண்டி உள்ளே வந்து நின்றுவிட்டால் அவ்வளவும் அதன் கூரைக்குப் போய்விடும். பானெட்டைத் தூக்கினால் அந்த மூடியின் நிழல் எஞ்சின்மேல் விழும். டயரில் காற்றுப் பார்க்கக் குனிந்தால் நம் தலையின் நிழல் வால்வின்மேல். சிங்காநல்லூரில் எங்கள் வீட்டை ஒட்டி இருக்கும் பத்துக்கு இருபது ஷெட்டில் வருஷக்கணக்காக இப்படித்தான் காலம் ஓடியது. இந்தச் சித்திரையில் வயரிங்கைப் பிரித்து நானே மாற்றிப் போட்டேன்.

அந்த ஷெட்டு காருக்காகக் கட்டியதும் இல்லை. மில்லில் ஃபிட்டராக இருந்த அப்பா, தன் சேட்டக் ஸ்கூட்டருக்கும் ஒரு வைஸ் பூட்டிய மரமேசைக்குமாகப் போட்ட தகரக் கூரை. அறுபது வாட் குண்டு பல்பு ஒன்று உத்தரத்திலிருந்து தொங்கும். முதல் ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்து, பொழுது சாய்ந்தபின்தான் அவர் ஸ்கூட்டரைத் தொடுவார். பிளாட்டினம் கேப் வைக்க வேண்டுமென்றால் டார்ச் பிடிக்க நான். பித்தளை உடம்பு, இரண்டு பேட்டரிக் கட்டை போடும் எவரெடி டார்ச். அவர் தோளுக்குப் பின்னால் நின்று அடித்தால் அவர் கையின் நிழலே அந்தச் சின்ன முனைகளை மறைத்துவிடும். "என் கைய வேடிக்கை பாக்காத கண்ணு, நான் பாக்கற எடத்தப் பாரு. எதுக்க வந்து நில்லு" என்பார். எதிர்ப்பக்கம் போய்க் குந்தி, கீழிருந்து சாய்த்துப் பிடித்தால் ஃபீலர் கேஜின் தகடு நுழையும் இடம் பளிச்சென்று தெரியும். வெளிச்சம் கைக்கு எதிரே இருந்து வர வேண்டும் என்பதை அங்கேதான் கற்றேன். இன்று ஷெட்டில் எந்த விளக்கை எங்கே மாட்டுவது என்று யோசித்தபோதும் அந்த ஒரு பாடம் போதுமாக இருந்தது.

காரின் இரண்டு பக்கமும், கதவுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளிக்கு மேலே, நீளவாக்கில் ஒவ்வொரு எல்இடி டியூப் செட். மூன்றாவது முன்சுவரை ஒட்டிக் குறுக்கே, மேசைக்கு மேலே. நிற்பவர் தலைக்கு முன்னால் வரும்படி. மூன்றும் இருபது வாட். ஒவ்வொன்றும் இரண்டாயிரம் லூமன் தருபவை. பழைய நாற்பது வாட் டியூப்புக்கும் அதன் சோக்குக்கும் சேர்த்தே ஐம்பது வாட் போய்க்கொண்டிருந்தது. இப்போது பத்து வாட்தான் கூடுதல். மூன்று இடத்திலிருந்து வெளிச்சம். சுவரும் முக்கியம். எண்ணெய்க் கறை படிந்த சிமென்ட் சுவர் வெளிச்சத்தை விழுங்கும். முதலில் இரண்டு கோட் வெள்ளை அடித்தேன். ஒரு விளக்கின் நிழலை மற்றொன்று அழிக்க, சுவரிலிருந்து திரும்பும் வெளிச்சம் மிச்சத்தைக் கரைக்கிறது.

டியூப்லைட் எங்கள் ஷெட்டுக்கு வந்ததே மில்லின் பாதிப்பில்தான். அங்கே மெஷின் ஷாப்பில் பக்கத்துப் பக்கத்து டியூப்களை வேறு வேறு ஃபேஸில் இணைத்திருப்பார்கள் என்று அப்பா சொல்வார். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. பழைய சோக் போட்ட டியூப் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை, அதாவது நொடிக்கு நூறு தடவை, மங்கி ஒளிரும். கண்ணுக்கு அது தெரியாது. லேத்தின் சக் அதற்குத் தோதான வேகத்தில் சுற்றினால் அசையாமல் நிற்பதுபோல் தெரியும். கை வைத்தவன் கதி அவ்வளவுதான். மூன்று ஃபேஸிலும் பிரித்துப் போட்டால் ஒன்று மங்கும்போது இன்னொன்று எரியும். அதற்கும் மேலே, லேத்தின் கழுத்திலேயே 24 வோல்ட் குண்டு பல்பு ஒன்று. சூடேறிய இழை அத்தனை சீக்கிரம் ஆறாது என்பதால் அதன் வெளிச்சம் டியூப்பைப்போல் துடிக்காது. இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பா தன் வலது கையை ஒருமுறை விரித்து மூடுவார்.

அதனால் கடையில் டியூப் வாங்கும்போதே ஒரு பேனாவை அதன் அடியில் வேகமாக ஆட்டிப் பார்த்தேன். விலை குறைந்த ஒன்றில் பேனா துண்டு துண்டாகத் தெரிந்தது; உள்ளேயிருக்கும் டிரைவர் சரியில்லாவிட்டால் எல்இடியும் துடிக்கும். ஷெட்டில் கிரைண்டர் ஓடுகிறது. அந்த டியூப்பை வாங்கவில்லை.

நிறம் இன்னொரு விஷயம். நம் கடைகளில் கேட்காமலே எடுத்துக் கொடுப்பது 6500 கெல்வின், நீலம் பாய்ந்த வெள்ளை. வெள்ளை எல்இடியின் அடியில் இருப்பது பெரும்பாலும் நீல எல்இடிதான். 1993இல் ஜப்பானின் நிசியா கம்பெனியில் ஷூஜி நகாமுரா பளிச்சென்ற நீல எல்இடியைக் கொண்டுவந்தார். அவருக்கும், அதற்கு வழிபோட்ட அகாசாகி, அமானோ இருவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. அந்த நீலத்தின்மேல் மஞ்சள் பாஸ்பரைப் பூசினால் வெள்ளை வரும். சிவப்பு மட்டும் குறைவாகவே இருக்கும். கார் வயரிங்கில் சிவப்பும் பழுப்பும் ஆரஞ்சும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. அவற்றை அடையாளம் காணத் தடுமாறக் கூடாது என்று, மேசைக்கு மேலே மட்டும் 4000 கெல்வினில், நிறத்தை உள்ளபடி காட்டுவதன் அளவான சிஆர்ஐ 90 எழுதியதாகத் தேடி வாங்கினேன். விலை கூடத்தான். கொடுக்கலாம்.

பழைய செட்டைக் கழற்றப் போனபோது சுவிட்சை அணைத்துவிட்டு டெஸ்டரை வைத்தேன், எரிந்தது. அந்தக் காலத்து வயரிங்கில் சுவிட்ச் நியூட்ரலில் விழுந்திருக்கிறது. விளக்கு அணைந்திருக்கும், ஃபேஸ் மட்டும் மேலே காத்துக்கொண்டிருக்கும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன்: பழைய வீட்டில் சுவிட்சை நம்பி ஏணியில் ஏறவே கூடாது. எம்சிபியை இறக்க வேண்டும். டெஸ்டர் வேலை செய்கிறதா என்று மின்சாரம் இருக்கும் வேறொரு பிளக்கில் பார்த்துவிட்டு இங்கே வைக்க வேண்டும். வைத்தபின் மறுபடி அங்கே பார்க்க வேண்டும். இப்போது ஃபேஸைச் சுவிட்சுக்கு மாற்றி, பச்சை எர்த் வயரையும் புதிதாக இழுத்திருக்கிறேன். போர்டு பக்கத்து வேலைக்கு லைசென்ஸ் உள்ள வயர்மேனைத்தான் கூப்பிட்டேன்.

கழற்றிய டியூப்பை என்ன செய்வது? நாங்கள் சின்னப் பையன்களாக இருந்தபோது எரிந்துபோன டியூப்களை வாளாகச் சுழற்றிச் சுவரில் அடித்து உடைத்திருக்கிறோம். வெள்ளைப் பொடி பறக்கும், அப்பா கத்திக்கொண்டு ஓடி வருவார். உள்ளே சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. அந்தப் பாதரசத்தால்தான் 2023இல் ஜெனீவாவில் கூடிய மினமாட்டா உடன்படிக்கை நாடுகள், 2027க்குள் இந்தக் குழல் விளக்குகளின் உற்பத்தியை நிறுத்துவதென்று முடிவெடுத்தன. எங்களுடையதை அட்டையில் சுற்றி, உடையாமல், மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்தேன். ஸ்டார்ட்டரை மட்டும் வைத்துக்கொண்டேன். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கும் நாட்களில் டியூப் பிடிக்காமல் விட்டு விட்டு மின்னும். ஸ்டார்ட்டரை ஒரு திருகு திருகினால் சில நேரம் பிடித்துவிடும். உள்ளேயிருக்கும் இரட்டை உலோகத் தகடு சூடாகி ஒட்டி, ஆறி விலகும் நொடியில் சோக் கொடுக்கும் உதைதான் டியூப்பை எரிய வைக்கிறது.

அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. இருபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபதில் போய்ச் சேரும் என்பார்கள். எனக்கே அந்த வயது நெருங்குகிறது. ஷெட்டை மாற்றத் தூண்டியதும் அதுதான். ஒரு கண்ணில் புரை எடுத்தபின் அவர் மறுபடி அரிவாள்மனை தீட்ட மேசைக்கு வருகிறார். மூன்று விளக்கையும் போட்டுக் காட்டினேன். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, அரத்தை எடுத்து, கையை மேசைமேல் நீட்டி, நிழல் எந்தப் பக்கம் விழுகிறதென்று பார்த்தார்.

"இன்னும் நாலு விரக்கட முன்னால தள்ளோணும் கண்ணு. நீ நின்னு பாத்துப் போட்டிருக்கற, நான் உக்காந்துதான தீட்டறேன்."

கொக்கியும் சங்கிலியும் வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்த ஒன்றை மட்டும் தள்ளி மாட்ட வேண்டும்.