கோணிய வட்டம்

கோயம்புத்தூர் காட்டூரில் பட்டறைகளும் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளும் நெருக்கியடிக்கும் ஒரு தெருவில் இருக்கிறது அந்த லேசர் கட்டிங் கடை. படியேறும்போதே வெட்டிய அக்ரிலிக்கின் காரமான வாசனை வந்துவிடுகிறது. சுவரோரம் ஆண்டு விழா ஷீல்டுகள், வீட்டு வாசலுக்கான பெயர்ப்பலகைகள், சிவப்பும் வெள்ளையுமாக எழுத்துகள். நடுவில் 1300-க்கு 900 மில்லி மேடை கொண்ட இயந்திரம், மூடி திறந்தபடி. காலையிலிருந்து அது ஓடவில்லை.

மேஜை மேல் வட்டத் தகடுகள் அடுக்கியிருக்கின்றன. 3 மில்லி கனம், 200 மில்லி விட்டம். மரச்சட்டத்தில் குடைந்த குழிக்குள் உட்கார வேண்டியவை, உட்காரவில்லை. ஒரு பக்கம் இறங்கினால் எதிர்ப்பக்கம் விளிம்பில் ஏறி நிற்கிறது. இயந்திரத்தை ஓட்டும் பெண் தகட்டைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்க்கிறாள். அழுத்தினால் உடைந்துவிடும் என்று தெரிந்தவள். விரல் நுனியோடு நிறுத்திக்கொள்கிறாள். கடைக்காரர் போனில் யாருக்கோ, "நாளைக்குக் காத்தால கண்டிப்பா குடுத்தர்றனுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். குரலில் மட்டும்தான் உறுதி இருக்கிறது.

மெக்கானிக் வந்தார். அறுபதை நெருங்கும் வயது. சட்டைப் பையில் ஸ்டீல் ஸ்கேல், கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடி. நெடுங்காலம் நூற்பாலை இயந்திரங்களோடு இருந்தவர் என்று கடைக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார். கம்ப்யூட்டர் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"அம்மணி, வெட்டுன வேஸ்ட்டத் தூக்கிப் போட்டுட்டியா?"

"இல்லீங்ண்ணா, எல்லாம் இங்கதான் இருக்குது."

"மெஷினுக்குள்ள எது முன்பக்கமா இருந்துச்சுன்னு தெரியுமா?"

அவள் விழித்தாள். அடுக்கிய தகடுகளில் எதற்கும் முன்பக்கம் பின்பக்கம் கிடையாது.

"செரி, இன்னும் ரெண்டு வெட்டு. எடுக்கறதுக்கு முன்னாடியே மார்க்கர்ல அம்புக்குறி போட்டுரு."

வெட்டினாள், அம்புக்குறி போட்டாள். இரண்டு தகடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். அம்புக்குறிகள் ஒரே திசையில் இருந்தபோது விளிம்புகள் கச்சிதமாகப் பொருந்தின. மேல் தகட்டைக் கால் சுற்றுத் திருப்பினார். இப்போது நான்கு மூலைத் திசைகளிலும் மாறி மாறி விளிம்பு துருத்தியது. நகத்தால் ஓரத்தைத் தடவினார். இடது கடைசியிலும் வலது கடைசியிலும் விரல் நின்றது. அங்கே வளைவு இல்லை. சின்னதாக ஒரு தட்டை.

வட்டம் கோணினால் எங்கே கோளாறு என்பதை அந்த வட்டமே காட்டிக்கொடுத்துவிடும். இடவலமாகவோ முன்பின்னாகவோ நேராக நீண்டிருந்தால் ஒரு அச்சின் அளவு தப்பு. மூலைவாக்கில் நீண்டிருந்தால் இரண்டு அச்சுகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இல்லை. ஓரத்தில் தட்டை விழுந்தால், திசை திரும்பும் இடத்தில் எதுவோ தளர்ந்திருக்கிறது. முழு உருவமும் ஒரே விகிதத்தில் சிறுத்தோ பெருத்தோ வந்தால் இயந்திரத்தில் குறையில்லை. ஒரு மென்பொருள் அங்குலத்துக்கு 72 புள்ளி என்றும் இன்னொன்று 96 என்றும் கோப்பைப் படித்திருக்கும். இவ்வளவையும் ஒரு தகட்டில் படித்துவிடலாம். படிப்பதற்குள் குப்பையில் போட்டுவிடுகிறோம் என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

"இதே வட்டத்த ரொம்ப மெதுவா வெட்டு" என்றார் அடுத்து. வேகத்தைக் குறைத்து வெட்டினாள். அதே கோணல், அதே தட்டை. தலையை ஆட்டிக்கொண்டார். வேகத்தால் தடுமாறும் கோளாறாக இருந்தால் மெதுவாக ஓட்டும்போது சரியாகியிருக்கும். இது அப்படியல்ல.

அப்படியானால் ஒளிதான் கோணுகிறதா? இந்த இயந்திரத்தில் இருக்கும் கரியமில வாயு லேசரை 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் குமார் படேல்; மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்தவர். கரியமில வாயுவிலிருந்து பிறக்கும் இந்த ஒளியின் அலைநீளம் 10.6 மைக்ரான், கண்ணுக்குத் தெரியாது. தெளிந்த அக்ரிலிக்கில் நாம் பார்க்கும் வெளிச்சம் தடையின்றி ஊடுருவும். லேசர் ஒளியையோ அக்ரிலிக் விழுங்கிச் சூடாகி ஆவியாகும். குழாயிலிருந்து புறப்படும் லேசர் ஒளி மூன்று கண்ணாடிகளில் பட்டுத் திரும்பி, லென்ஸ் வழியாகக் கீழே இறங்கும். கண்ணாடிகள் விலகினால் மேடையின் கடைக்கோடியில் வெட்டு முழுதாக இறங்காது. உருவம் கோணுவதற்கும் ஒளிக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. லென்ஸ் அதன் கூட்டில் ஆடாதவரை. தலை எங்கே நகர்கிறதோ அங்கே ஒளி விழுகிறது, அவ்வளவுதான்.

தலையை நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார். வழக்கமான ஸ்டெப்பர் ஒரு சுற்றை 200 அடிகளாகப் பிரித்து வைக்கும், அடிக்கு 1.8 பாகை. இத்தனை அடி போ என்று கட்டுப்பாட்டுப் பலகை துடிப்புகளை அனுப்பும். போய்ச் சேர்ந்ததா என்று திரும்பிக் கேட்கும் ஏற்பாடு இத்தகைய இயந்திரங்களில் பெரும்பாலும் இல்லை. இடையில் பெல்ட் தொய்ந்திருந்தாலும் புல்லி வழுக்கினாலும் பலகைக்குத் தெரியாது. திரையில் வட்டம் வட்டமாகவே இருக்கும்.

மெக்கானிக் மெயின் சுவிட்சை அணைத்தார். குறுக்குச் சட்டத்தை இரண்டு கையாலும் முன்னால் தள்ளினார். இடது முனை முட்டி நின்றது. வலது முனை முட்டவில்லை. ஸ்கேலை இடைவெளியில் விட்டுப் பார்த்தார்: 6 மில்லி. மூட்டு தளர்ந்த கயிற்றுக் கட்டில் போல அந்த நீளச் சட்டம் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. ஒற்றை மோட்டார் ஒரு நீள ஷாஃப்டைச் சுற்றி இரண்டு பக்கத்து பெல்ட்டையும் இழுக்கிறது. வலது பக்கத்து கப்ளிங்கில் கிரப் ஸ்க்ரூ தளர்ந்து, ஷாஃப்டில் வழுக்கியிருந்தது. வழுக்கிய தடம் பளபளவென்று தெரிந்தது; அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். அவள் நெடுநேரம் குனிந்து பார்த்தாள்.

பிறகு தலையைப் பிடித்து இடவலமாக மெல்ல அசைத்தார். "ப்ளே இருக்குது பாரு." அந்தக் குறுக்கு பெல்ட் விரல் வைத்தாலே தொய்ந்தது.

கப்ளிங்கைத் தளர்த்தி, சட்டத்தின் இரு முனைகளும் ஒருசேர முட்டும்படி நிறுத்தி, ஸ்க்ரூவில் பசை ஒரு சொட்டு விட்டு ஆலன் கீயால் இறுக்கினார். குறுக்கு பெல்ட்டை இழுத்துக் கட்டினார். அதிகமாக இறுக்கினால் பேரிங் தேயும் என்று அவளிடம் சொல்லிக்கொண்டே, இறுக்கிய பெல்ட்டை அவளையும் அழுத்திப் பார்க்கச் சொன்னார். இந்த வேலைக்குப் பிடித்த நேரம், நான் குடித்த டீ ஆறும் நேரம்கூட இல்லை.

அப்புறம் ஓர் அட்டையில் 300 மில்லி சதுரம். வெட்டவில்லை, கோடு மட்டும் போட வைத்தார். வெட்டினால் ஒளியின் தடமே ஒரு மில்லியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு தின்றுவிடும். பத்தில் ஒரு பங்கைத் தேடும்போது அது குழப்பும். குறுக்குவாட்டில் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தார். இரண்டும் சமம். கடைக்காரர் முகம் மலர்ந்தது. மெக்கானிக் முகம் மலரவில்லை. அகலத்தை அளந்தார்: 301-ஐத் தாண்டியிருந்தது. உயரம் 300. மூலைமட்டம் வந்துவிட்டது, சதுரம்தான் வரவில்லை.

"நம்பர யாரு மாத்துனது?"

கடைக்காரர் தயங்கினார். "வட்டம் அகலத்துல கம்மியா வந்துதுங்ண்ணா. ஒருத்தரு போன்ல சொன்னாரு, அந்த ஸ்டெப்பைக் கொஞ்சம் மாத்திவுட்டா செரியாயிரும்னு..."

மெக்கானிக் ஒன்றும் சொல்லவில்லை. மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த மஞ்சளேறிய தாளைத் தேடிப் படித்தார். இயந்திரத்தை நிறுவியபோது, துடிப்பைத் தூரமாக மாற்ற இரண்டு அச்சுகளுக்கும் பதிந்த எண்கள் அதில் இருந்தன. முதல்முறையாகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்.

நடந்தது இதுதான். பெல்ட் தொய்ந்ததால் தலை திசை திரும்பும்போதெல்லாம் முக்கால் மில்லியளவு வீணாகியது. 200 மில்லி வட்டம் அகலத்தில் அவ்வளவு குறைந்தது. அதை ஈடுகட்ட எண்ணை மாற்றினார்கள். அந்த ஒரு அளவுக்கு அது பொருந்திப்போனது. தொய்வு தின்பது எல்லா அளவுக்கும் ஒரே முக்கால் மில்லி. எண்ணின் மாற்றம் நீளத்தைக் கூட்டுவதோ விகிதப்படி. 20 மில்லி எழுத்தில் அந்த எண்ணால் ஒன்றும் ஆகாது, 600 மில்லி பலகையில் ஒன்றரை மில்லியளவு நீண்டுவிடும். எண்ணைக் கொண்டு தளர்வை இறுக்க முடியாது. இதை நான் அழுத்தியே சொல்கிறேன்: இணைப்புகளை இறுக்காமல் எண்ணைத் தொடுவது கோளாறைத் திருத்துவதல்ல, ஒளித்துவைப்பது.

தாளில் இருந்த எண்ணைத் திரும்பப் போட்டார். 600 மில்லி கோடு 599.7 வந்தது. பெல்ட்டைப் புதிதாக இழுத்துக் கட்டிய பின் இவ்வளவு சின்ன வித்தியாசம் இயல்பு. இப்போதுதான் எண்ணைத் திருத்த அவருக்கு மனம் வந்தது. இந்த இயந்திரத்தில் எண் என்பது ஒரு துடிப்புக்கு எவ்வளவு தூரம் என்பது. பழைய எண்ணை 599.7-ஆல் பெருக்கி 600-ஆல் வகுக்க வேண்டும். சில இயந்திரங்களில் ஒரு மில்லிக்கு எத்தனை துடிப்பு என்று இருக்கும், அங்கே கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். அவள் கால்குலேட்டரில் போட்டுச் சொன்னாள், அவர் பதிந்தார். மறுபடி கோடு, 600. புதிய எண்ணையும் தேதியையும் பழைய தாளின் அடியில் அவளையே எழுத வைத்தார்.

அடுத்து வெட்டிய தகடு எந்தப் பக்கம் திருப்பினாலும் குழிக்குள் இறங்கியது.

லேசர் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒருமுறை அட்டையில் 300 மில்லி சதுரம் ஒன்று போட்டு மூலைவிட்டங்களை அளந்து, தேதி எழுதி வையுங்கள். சரியாக இருந்தால் இரண்டும் 424 மில்லியும் கால் மில்லியும் வரும். வராவிட்டால் முதலில் மின்சாரத்தை அணைத்துச் சட்டத்தைக் கையால் தள்ளிப் பாருங்கள். அமைப்புகளைத் திறப்பது அதற்கப்புறம் இருக்கட்டும்.